சொன்னால் கேட்பதில்லை

"சொன்னால் கேட்பதில்லை" என்று குறை கூறாத பெற்றோரை நான் இதுவரையில் பார்த்ததில்லை. என் தாயார் என்னைப் பற்றி ஐம்பது வருஷ காலமாக இந்தக் குறையைக் கூறி வருகிறார். என் மனைவி இருபத்திரண்டு வருஷமாகத்தான் கூறி வருகிறாள். ஆனால் அதிக உற்சாகத்துடன் கூறி வருகிறாள். ஆகையால், எங்கள் வீட்டு நாயின் மேல் அதே குற்றச்சாட்டுக் கிளம்பியபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி உண்டாயிற்று. குற்றவாளிக் கூண்டில் தனியாக நின்று கொண்டிருந்தவனுக்கு ஒரு துணை கிடைத்தால் வேறு எப்படி இருக்கும்?

நாயைக் கொண்டு வந்து சேர்த்தவர் என் மைத்துனர். எதிர் வீட்டுக்காரர் ஓர் அல்சேஷியன் வாங்கியதைப் பார்த்துவிட்டு, நமக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று என் மகன் கேட்டான். மைத்துனருக்கு வந்ததே கோபம்! "ஏன் அத்தான், நம் தேசத்தில் நாய்க்குப் பஞ்சமா? ராஜபாளையம் இருக்கிறது, சிப்பிப்பாறை இருக்கிறது, கோம்பை இருக்கிறது. ஜெர்மன் தேசத்து நாய் எதற்கு?" என்று ஒரு சிறு பிரசங்கமே செய்தார். 2005-ம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா நம் நாட்டு நாய் ஜாதிகள் நான்குக்குத் தபால் தலை வெளியிட்டதையும், அவற்றில் ராஜபாளையம் ஒன்று என்பதையும் எடுத்துக் காட்டினார். தபால் தலையில் ஏறியவர்களைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்பது நம் வழக்கமில்லை அல்லவா? அடுத்த மாதமே விருதுநகர் ஜில்லாவிலிருந்து ஒரு மூங்கில் கூடையில், பாலில் தோய்த்து எடுத்தது போன்ற குட்டி ஒன்று வந்து இறங்கியது. மூக்கு மட்டும் ரோஜா நிறம்.

வெள்ளையன் என்று பெயர் வைத்தோம். இந்தப் பெயரில் இருந்த அபாயம் பிற்பாடுதான் தெரிந்தது. அவன் சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் என் தாயார் கரண்டியை ஓங்கிக் கொண்டு, "வெள்ளையனே, வெளியே போ!" என்று கூவுவார். 1942-ல் நாடெங்கும் எழுந்த அந்தக் கோஷம் பலிப்பதற்கு ஐந்து வருஷம் பிடித்தது. எங்கள் வீட்டிலோ ஐந்து வருஷமானாலும் பலிக்காது போலிருந்தது.

அவனைப் பழக்க ஆரம்பித்ததும் முதலில் பாஷைச் சண்டை எழுந்தது. தமிழ்நாட்டில் நாயிடம் பேசும்போது மட்டும் எல்லோருக்கும் இங்கிலீஷ் வந்துவிடுகிறது. காய்கறிக்காரியிடமும் கடவுளிடமும் தமிழில் பேசுகிறவர்கள், நாயைக் கண்டதும் "கம் ஹியர்" என்றும் "ஸிட் டவுன்" என்றும் சொல்லத் தொடங்குகிறார்கள். என் மகனும் அப்படியே தொடங்கினான். சுதேசி நாய்க்குத் தமிழில்தான் உத்தரவிட வேண்டும் என்று மைத்துனர் ஆட்சேபித்தார். முடிவில், மகன் "கம்" என்றான். நான் "வா" என்றேன். மனைவி "இங்கே வாடா, கண்ணா" என்றாள். தாயார் "சூ, சூ" என்றார். ஒரு செயலுக்கு நாலு சொல்! நாய்க்கு நம் சொல்லின் அர்த்தம் தெரியாது. ஒரே ஓசை, அதற்கு ஒரே செயல், செய்தவுடன் ஒரு லாபம் என்ற தொடர்புதான் அதற்குத் தெரியும். அந்த ஒரு சொல்லையே பத்துத் தடவை கூவுவதும் பிசகு. பத்தாவது கூவலுக்குத்தான் எழுந்திருக்க வேண்டும் போலும் என்று அது பாடம் பண்ணிக் கொள்கிறது. இவையெல்லாம் புத்தகங்களைப் புரட்டிய பிறகு எனக்குத் தெரிந்தவை. ஆகவே வீட்டில் ஒரு சட்டம் செய்தோம். இனிமேல் எல்லோருக்கும் "வா" ஒன்றே. தாயார் நீங்கலாக மற்ற எல்லோரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டோம்.

வெள்ளையன் கட்டுப்படவில்லை.

அவனுடைய பிடிவாதம் விசித்திரமானது. சமையலறையில் பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்தால் போதும், கொல்லைக் கோடியிலிருந்து பறந்து வருவான். வாசலில் தபால்காரரின் மணிச் சத்தம் கேட்டால் நேரே வாசலுக்குப் பாய்வான். ஆனால் "வா" என்று நான் கூப்பிட்டால், எழுந்து நின்று யோசனை செய்வான். பிறகு நான் இருக்கும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் நிதானமாக நடந்து போவான். காந்தி மகானிடம் ஒத்துழையாமை கற்றுக் கொண்டவர்கள்கூட அவ்வளவு சாத்வீகமாக அதைச் செய்திருக்க முடியாது. சில பிற்பகல்களில் அருகில் நின்று கத்தினாலும் காதை அசைக்காமல் படுத்திருப்பான். வேறு சில நாள் மெல்லக் கூப்பிட்டாலே துள்ளி எழுவான். "காதெல்லாம் நன்றாய்க் கேட்கிறது, மனசுதான் இல்லை" என்று என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். அப்போது அவள் பார்வை ஒரு கணம் என் மேலும் விழுந்தது.

நானோ நாயின் ஜாதியின் மேல் பழியைப் போட்டேன். ஸ்டான்லி கோரன் என்ற மனோதத்துவ நிபுணர், வட அமெரிக்காவில் நாய்களின் கீழ்ப்படிதல் போட்டிகளுக்கு நடுவர்களாயிருக்கும் சுமார் 200 பேரின் அபிப்பிராயத்தைத் திரட்டி, 1994-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் முதல் ஸ்தானம் ஆடு மேய்க்கும் பார்டர் காலி என்ற ஜாதிக்கு. கடைசி ஸ்தானம் ஆப்கான் ஹவுண்டு என்னும் வேட்டை நாய்க்கு. மேய்ப்பவனின் குரலுக்கும் கைக்கும் கட்டுப்பட்டு வேலை செய்வது ஒன்றின் பரம்பரைத் தொழில். மனிதனை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு, கண்ணில் பட்ட இரையைத் தானே தீர்மானித்துத் துரத்துவது மற்றதன் தொழில். ராஜபாளையமும் வேட்டை நாய்தானே? சுதந்திர புத்தி இரத்தத்தில் ஊறியது என்றேன். இந்த வியாக்கியானம் மைத்துனருக்கு மட்டும் மிகவும் பிடித்திருந்தது.

பிறகு, நாய் பழக்குவதில் பெயர் வாங்கிய ஒருவரை அமர்த்தினோம். கழுத்தை இறுக்கும் சங்கிலியும் ஒரு பிரம்பும் அவருடைய மூலதனம். 1910-ம் வருஷத்தில் ஜெர்மனியில் கான்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி எழுதிய பயிற்சிப் புத்தகத்தில், சங்கிலி இழுப்புக்குப் பெரிய ஸ்தானம் உண்டு. இன்ன கணத்தில் இன்னது செய்ய வேண்டும் என்ற நிதானத்துக்கும் அதே அளவு ஸ்தானம் உண்டு. நம்மவர் முதல் பாதியோடு படிப்பை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் முன்னால் நின்று கையை ஓங்கினால் வெள்ளையன் உட்கார்ந்தான். பின்னால் நின்று உத்தரவிட்டால் உட்காரவில்லை. "இது சுத்தக் கள்ளன், ஸார்! எதிரில் பயம், முதுகுக்குப் பின்னால் ஏமாற்று" என்று சொல்லி, இரண்டு மாதச் சம்பளத்தையும் வாங்கிக் கொண்டு அவர் விடைபெற்றார்.

இனிச் சொல்ல வேண்டியது எனக்குப் பெருமை தரும் விஷயம் அல்ல.

ஒரு நாள் மாலை வாசற்கதவு திறந்திருந்தது. வெள்ளையன் தெருவில் இறங்கி, சாலை ஓரத்தில் எதையோ முகர்ந்து கொண்டு நின்றான். முனையில் பஸ் திரும்புவதைப் பார்த்து நான் வாசலிலிருந்து, "வெள்ளையா, வா!" என்று அலறினேன். அவன் நிமிர்ந்தான். நான் நின்ற பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாகத் தலையைத் திருப்பினான். அப்படியே நேராக நடுச்சாலைக்கு ஓடினான். பஸ்காரர் எப்படி நிறுத்தினாரோ, சக்கரத்துக்கும் அவனுக்கும் ஒரு முழம் இடைவெளிதான் இருந்தது. அவனைத் தரதரவென்று இழுத்து வந்து, கையில் கிடைத்த குடையால் அடித்தேன். பயத்தையெல்லாம் கோபமாக மாற்றி அடித்தேன். அவன் வாலை ஒடுக்கிக் கொண்டு, கண்ணைத் தாழ்த்திச் சுவரோரம் ஒண்டினான். "பாருங்கள் முழியை! தப்பென்று அதற்கே தெரிகிறது" என்று வீட்டாரிடம் சொன்னேன்.

அந்த முழியைப் பற்றியும் நியூயார்க்கில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அம்மையார் 2009-ல் வெளியிட்ட பரிசோதனை அது. தின்னக் கூடாதென்று விலக்கிய பண்டத்தைத் தின்ற நாயும் சரி, தின்னாத நாயும் சரி, எஜமானர் அதட்டினால் அந்தக் குற்ற முகத்தைக் காட்டின. அது நாயின் மனச்சாட்சியன்று. நம்முடைய கோபத்துக்குப் பதில். நான் இதை அறிந்தது குடை ஓங்கிய பின்னர்தான்.

உண்மையைக் கண்டுபிடித்தவள் ஒன்பது வயதான என் இளைய பெண். அவள் வீட்டுப் பாடம் எழுதுவது வெள்ளையன் பக்கத்தில் உட்கார்ந்துதான். ஒரு நாள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கொண்டு வந்து காட்டினாள். இரண்டு பத்திகள் போட்டு, ஒன்றில் "வலம்" என்றும் மற்றதில் "இடம்" என்றும் எழுதியிருந்தாள். "அப்பா, இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்தால் கூப்பிட்டவுடன் எழுந்து விடுகிறான். வலது பக்கம் சாய்ந்து படுத்தால் எழுந்திருப்பதே இல்லை. பத்து நாளாகப் பார்க்கிறேன்" என்றாள். வலம் என்ற பத்தியில் பதினேழு பெருக்கல் குறிகள். ஒரு சரிக் குறிகூட இல்லை.

மறுநாளே மிருக வைத்தியரிடம் போனோம். அவர் நாயின் பின்னால் பல இடங்களில் நின்று சாவிக் கொத்தைக் குலுக்கினார். எங்கிருந்து குலுக்கினாலும் வெள்ளையன் வலப்புறமே திரும்பினான். "இடது காது செவிடு என்றுதான் தோன்றுகிறது. பிறவியிலேயே இருக்கலாம்" என்றார் டாக்டர். தலையில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, ஓசைக்கு மூளையில் எழும் மின்சார அலையைப் பதிவு செய்யும் பரிசோதனை ஒன்று உண்டாம்; சந்தேகமறத் தெரிய வேண்டுமானால் அதுதான் வழி. அந்தக் கருவி அவரிடம் இல்லை. எங்கள் பெண்ணின் நோட்டைப் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்றார்.

காரணம் அந்தப் பால் வெள்ளைதான். ரோமத்துக்கும் தோலுக்கும் நிறம் ஊட்டும் அணுக்கள் உட்செவியிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாமற் போனால், பிறந்து மூன்று நாலு வாரத்துக்குள் ஓசையை வாங்கும் நுண்ணிய உறுப்புக்கள் பட்டுப் போகின்றன. நீலக் கண் படைத்த முழு வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாயிருப்பதை டார்வினே எழுதியிருக்கிறார். புள்ளி போட்ட டால்மேஷியன் நாய்களை அமெரிக்காவில் சோதித்ததில், நூற்றுக்குச் சுமார் 8 இரு காதும் செவிடு. சுமார் 22 ஒரு காது செவிடு. ராஜபாளையம் குட்டிகளில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்கள் அறிந்த சங்கதியே. இரு காதும் செவிடானால் எப்படியும் தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் செவிடானால்தான் சங்கடம். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்பதை, அது இரு காதுகளையும் எட்டும் நேரத்திலும் அளவிலும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டே பிராணிகள் அறிகின்றன. அந்த நேர வித்தியாசம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒற்றைக் காதுக்காரனுக்கு இந்தக் கணக்கு இல்லை. கேட்கிற காதின் பக்கந்தான் எல்லா ஓசையும். பிஸ்கட் டப்பா இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். வாசல் இருக்கும் இடமும் தெரியும். நான் இருக்கும் இடந்தான் தெரியவில்லை. அன்று மாலை நான் அலறியதும் அவன் என் சொல்லை மீறவில்லை. "வா" என்றேன்; என் குரல் வந்ததாக அவனுக்குத் தோன்றிய திசையில் ஓடி வந்தான்.

தமிழில் நாம் "கேள்" என்ற ஒரே சொல்லை வைத்துக் கொண்டு, காதால் கேட்பதையும் கீழ்ப்படிவதையும் சேர்த்துக் குறிப்பிடுகிறோம். அழகான சிக்கனந்தான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வருஷ காலம் யாரும் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு பயிற்சி முறையை அடியோடு மாற்றினோம். ஸ்கின்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1951-ல் எழுதிய ஒரு கட்டுரையில், பிராணி நாம் விரும்பியதைச் செய்த அதே கணத்தில் 'டிக்' என்று ஒலிக்கும் விளையாட்டுக் கருவியால் ஓர் அடையாளம் காட்டி, உடனே தீனி கொடுக்கச் சொல்கிறார். நாங்கள் 'டிக்'குக்குப் பதிலாகக் கட்டை விரலை உயர்த்தினோம். தீனி, இட்லித் துண்டு. உள்ளங்கையை மார்போடு சேர்த்தால் வா, தாழ்த்தினால் உட்கார். இருட்டில் டார்ச் விளக்கை ஒரு தடவை மின்ன வைப்போம். கூப்பிட வேண்டுமானால் முதலில் தரையைக் காலால் தட்டி அவன் கண்ணைத் திருப்புவோம். தெருவில் கயிறில்லாமல் விடுவதில்லை. மூன்று வாரத்தில் "உட்கார்" வந்துவிட்டது. "வா" நிலைப்பதற்கு நாலு மாதம் ஆயிற்று. என் தாயார் எல்லோரையும்விட முந்திக் கொண்டார். சமையலறை வாசலில் அவர் அபய ஹஸ்தம் காட்டினால், வெள்ளையன் கோடு கிழித்தாற்போல் வெளியே நிற்கிறான்.

குடையின் விஷயம் மட்டும் தீரவில்லை. யார் கையில் குடையைக் கண்டாலும் அவன் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். மழை நாட்களில் நான் குடையைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு உள்ளே வருகிறேன். இட்லித் துண்டு, கட்டை விரல் ஒன்றும் அங்கே பலிக்கவில்லை.

இப்போது அவனுக்கு நாலு வயது. பிடிவாதக்காரன் என்ற பட்டத்தை வாபஸ் வாங்கிக் கொண்டோம். ஆயினும் ஒரு சிறு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அவனைக் குளிப்பாட்டும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும், தவறாமல் வலது காதைத் தரையில் அழுத்தி, கண்களையும் இறுக மூடிக் கொண்டு படுத்திருக்கிறான்.