எண்ணுவதற்குச் சீட்டு எங்கே?

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது அண்ணே.” தேர்தலைக் கணினியில் நடத்திப் பார்க்க நிரல் எழுதும் தம்பிகள் இப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லாதுதான். நாம் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவே.

ஒன்பது பேர் சாப்பிடக் கிளம்புகிறார்கள். நால்வரின் விருப்ப வரிசை: நாசி கண்டார், லக்சா, குவே தியாவ். மூவருக்குக் குவே தியாவ், லக்சா, நாசி கண்டார். இருவருக்கு லக்சா, குவே தியாவ், நாசி கண்டார். முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் நாசி கண்டார் ஜெயிக்கும். கடைசியில் இருப்பதை நீக்கி அதன் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றினால் குவே தியாவ். இரண்டிரண்டாக மோதவிட்டால் லக்சா. எண்ணும் முறையே அரசியல்.

நம் வாக்குச்சீட்டில் ஒரே ஒரு குறிதான். இரண்டாம் விருப்பம் அதில் இல்லை. நிரல் எழுதுபவர் ஊகித்து நிரப்புகிறார். அதை மறைத்து முடிவை மட்டும் காட்டுவது மோசடி.

2013 பொதுத்தேர்தலுக்கு ஊகமே வேண்டாம். மக்கள் கூட்டணிக்கு 50.87 விழுக்காடு வாக்கு, 89 இடம். தேசிய முன்னணிக்கு 47.38 விழுக்காடு, 133 இடம். தொகுதிவாரியாக எண்ணியதன் விளைவு இது.

மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951-இல் நடந்தது இதே ஜார்ஜ்டவுனில்தான். முதல் மேயர் டி.எஸ்.இராமநாதன், நம்மாள். 1965-இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். அதை மீட்கப் பினாங்கு போட்ட வழக்கை 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தள்ளிவிட்டது. இன்றும் மாநகர் மன்றத்தில் நியமன உறுப்பினர்கள்தான்.

எந்த முறை சிறந்தது என்று தாராளமாகச் சண்டை போடுங்கள் தம்பி. அதற்கு முன்னால், எண்ணுவதற்கு ஒரு சீட்டு கேளுங்கள்.