58 ஆண்டு எரிந்த அடுப்பு

வேளாங்கண்ணி மாதா கோவிலில் ஆண்டுதோறும் ஆகஸ்டு 29-ந் தேதி கொடி ஏறும். செப்டம்பர் 8-ந் தேதி வரை திருவிழா. கோவில் முழுவதும் மின் விளக்குகள் ஜொலிக்கும். கடற்கரையில் இரவு பகலாகும்.

இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

மின்சாரத்துக்குச் சொந்த ஊர் கிடையாது. அணையில் பிறந்ததும், அனலில் பிறந்ததும், காற்றில் பிறந்ததும் ஒரே கம்பியில் கலந்துதான் வீட்டுக்கு வருகின்றன. அந்தக் கம்பிக்கு 58 ஆண்டுகள் மின்சாரம் கொடுத்த நிலையம் ஒன்று உண்டு. கொள்ளிடத்துக்கு வடக்கே, நெய்வேலியில் இருந்த முதலாவது அனல் மின் நிலையம்தான் அது. 2020-ம் ஆண்டு அதன் அடுப்பு அணைந்தது.

கிணற்றில் வந்த கரி

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கருப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பிறகு சுரங்கத்துக்காக 620 ஏக்கர் நிலத்தை அவர் கொடுத்தார்.

1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது முதல்-மந்திரி காமராஜர்.

பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி, தண்ணீர். தூர ஊருக்கு ஏற்றிச் சென்றால் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும். ஆகவே, தோண்டிய இடத்திலேயே எரித்தார்கள். அந்த நெருப்பில் தண்ணீர் கொதித்தது. நீராவி சக்கரத்தைச் சுழற்றியது. மின்சாரம் பிறந்தது. இட்லிப் பானையின் மூடியைத் தள்ளுகிறதே, அதே ஆவிதான்!

சோவியத் ரஷியாவின் உதவியுடன் கட்டிய இந்த நிலையத்தில், முதல் இயந்திரம் 1962-ல் ஓடியது. 1970-ல் 9 இயந்திரங்கள், 600 மெகாவாட். இன்று அதற்குப் பதிலாக 1,000 மெகாவாட் புது நிலையம் நெய்வேலியில் ஓடுகிறது.

கொடுத்தவர் யார்?

நாட்டுக்கு மின்சாரம் தேவைப்பட்ட நேரத்தில் நெய்வேலி கைகொடுத்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால், சுரங்கம் தோண்ட ஊர்களே இடம் பெயர்ந்தன. வீடு, கொல்லை, குலதெய்வக் கோவில், எல்லாவற்றையும் விட்டு ஜனங்கள் வெளியேறினார்கள். விளக்கைப் போடுகிறவர்களில் எத்தனை பேர் அவர்களை நினைக்கிறார்கள்?

இன்னொரு விஷயமும் உண்டு. நெய்வேலிக் கரிக்கு அடியில் ஊற்று நீர் மேல் நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். தண்ணீரை நம்பி வாழும் பூமிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

2020-ல் காவிரி டெல்டா, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்று. அப்படியும் 2023 ஏப்ரலில், தஞ்சை மாவட்டம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி ஆகிய மூன்றும் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருந்தன. விவசாயிகள் கொதித்தார்கள். அதே மாதத்தில் மத்திய அரசு மூன்றையும் நீக்கியது.

அதே ஆண்டு ஜூலையில், நெய்வேலி சுரங்கக் கால்வாய் வேலைக்காக வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே வாங்கப்பட்டது என்றது நிறுவனம். காகிதத்தில் அது சரியாக இருக்கலாம். அறுவடை வரை பொறுத்திருக்கலாமே என்று கேட்ட உழவனுக்கு, காகிதம் பதில் சொல்லாது.

செய்ய வேண்டியது

நெய்வேலியில் முதல் நிலையத்தின் நினைவாக ஒரு காட்சிக்கூடம் வேண்டும். அங்கே இயந்திரம் மட்டும் இருந்தால் போதாது. இடம் பெயர்ந்த ஊர்களின் பெயர்களையும் பெரிய எழுத்தில் பொறிக்க வேண்டும். நிலம் கொடுத்த குடும்பங்களுக்குச் சொன்ன வேலையும் பணமும் பாக்கி இல்லாமல் சேர வேண்டும். டெல்டா வயல்கள் மறுபடி எந்த ஏலப் பட்டியலிலும் ஏறக்கூடாது.

மின்சாரத்துக்கு வெயில் இருக்கிறது, காற்று இருக்கிறது. நெல்லுக்கு வயல் ஒன்றுதான் இருக்கிறது.

நெய்வேலியின் முதல் அடுப்பு 58 ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது. கரிகாலன் கட்டிய கல்லணையின் தண்ணீரோ இன்றும் நெல்லாக விளைகிறது. கரியை ஒரு தடவைதான் எரிக்கலாம். வயலில் வருஷா வருஷம் அறுக்கலாம்.