பணம் ஊரில், உரிமம் பொதுவில்



உள்ளூர்த் தொண்டு அமைப்புகளை மாநில அளவில் இணைத்தால் அவற்றின் தனித்தன்மை போய்விடும் என அஞ்சுவோர் கேரளத்தில் தீரா நோயாளிகளுக்கான வலி நிவாரண இயக்கத்தைப் பார்க்க வேண்டும். 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலானோர் தொடங்கிய சங்கத்திலிருந்து வளர்ந்தது அது. சிறு அமைப்புகள் தத்தம் வட்டாரத்திலேயே நன்கொடை திரட்டுகின்றன. தன்னார்வலர்கள் செவிலியரோடு நோயாளிகளின் வீடு தேடிச் செல்கிறார்கள். எந்த வீட்டில் அரிசி இல்லை, எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மருந்தை வாங்கி இருப்பு வைக்க அனுமதி வேண்டும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளோடு ஒரு கிராமக் குழு தனியே மல்லுக்கட்ட முடியுமா? பயிற்சியும் அப்படித்தான். அந்தச் சுமையைக் கோழிக்கோட்டுச் சங்கம் போன்றவை தாங்கின. பணப்பெட்டிச் சாவியைக் கேட்கவில்லை.

அரசு இறங்கினால் கொடுப்பவர் கை சுருங்கும் என்ற வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. 2008-இல் கேரள அரசு வலி நிவாரணத்துக்கெனக் கொள்கை வகுத்து, வீட்டுப் பராமரிப்பில் உள்ளாட்சிகளுக்குப் பொறுப்பளித்தது. செவிலியர் வருகையை அரசு முறைப்படுத்தலாம். ஆனால் இரவுத் துணைக்கு ஆள் அனுப்ப அதனால் ஆகாது. அந்த இடைவெளிக்குத்தான் நன்கொடை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இத்தகைய வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை உண்டு. இங்குள்ள அமைப்புகளுக்கு உரிமம், பயிற்சி, கணக்குத் தணிக்கை ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு கூட்டமைப்பு போதும்; எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதை அது தீர்மானிக்க வேண்டாம்.

– வாசகர், நாகர்கோவில்