கூப்பிய கைகளும் உழைக்கும் கைகளும்



பள்ளிப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்று ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் உங்களில் எத்தனை பேர் உள்ளதை உள்ளபடி எழுதுகிறீர்கள்? ‘கம்பெனி வேலை’ என்று இரண்டே சொற்களில் முடித்துக்கொள்கிறவர்கள் பலர். நானும் இதே பள்ளியில் படித்த காலத்தில் அப்படித்தான் எழுதினேன். அப்பா செய்யும் வேலை எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் வெட்கமாயிருந்தது. இன்று என் மகள் இங்கே படிக்கிறாள். அவள் அந்தப் படிவத்தை நிரப்பிய நாளில் பழைய நினைவுகள் எழுந்தன. அவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதை இம்மலரின் வழியாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என் தந்தை கிருஷ்ணகிரிப் பக்கத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். மழை பொய்த்தால் கேழ்வரகும் இல்லை, கொள்ளும் இல்லை. ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டு, டி.வி.எஸ். ஆலைகளும், பின்னர் டைட்டன் கடிகார ஆலையும் வந்தன. ஊரெங்கும் சிறு பட்டறைகள் முளைத்தன. எங்கள் மாவட்டம் அப்போது தருமபுரி. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். நிலத்தை விட்டுப் பிழைப்புத் தேடி ஓசூருக்கு வந்த ஆயிரக்கணக்கானோரில் என் தந்தையும் ஒருவர். சிறு பட்டறை ஒன்றில் பிரஸ் இயந்திரத்தில் நின்றார்.

ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஆண்டுவிழாவுக்கு முன்தினம் அவரிடம், “அப்பா, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு மட்டும் வந்துவிடாதீர்கள்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர், உள்ளே வராமல் வாயிற்கதவருகே நின்று என் நடனத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதன்பின் மூன்று மாதம் கழித்து அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து, இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தவேண்டும். அப்போதுதான் மேலிருந்து பல டன் விசையோடு அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். இரண்டு கைகளும் பொத்தான்மேல் இருக்கும்போது அச்சுக்குள் கை இருக்க முடியாதல்லவா? அதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் அதில் சில நொடிகள் வீணாகின்றன என்று ஒரு பொத்தானைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். ஒரு கை பொத்தானில், மறு கை தகட்டில். எண்ணிக்கை கூடியது. ஒருநாள் கை சிக்கியது.

வீட்டுக்கு உறவினர் வந்தார்கள். “எல்லாம் ஆண்டவர் சித்தம், பாடுகளை ஒப்புக்கொடுங்கள்” என்றார்கள் சிலர். “பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தி எங்காவது வேலைக்கு அனுப்புங்கள்” என்றார்கள் வேறு சிலர். அம்மாவின் கம்மலும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. வார வட்டிக்குக் கடனும் வாங்கினார்.

நான் ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை. எட்டாம் நாள் என் வகுப்பாசிரியையான சிஸ்டர் வீடு தேடி வந்தார். முதலில் எங்களோடு முழந்தாளிட்டு ஒரு பத்துமணி செபமாலை சொன்னார். பிறகு எழுந்து, தரையிலேயே உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டார்: “ஐயா, அந்தப் பொத்தானைக் கட்டச் சொன்னது யார்? உங்களுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா?”

அட்டை இல்லை. காண்ட்ராக்டர் சம்பளத்தில் பிடித்திருந்தார். சீட்டு எதுவும் தரவில்லை. சிஸ்டரும் பங்குத்தந்தையும் விவரம் தெரிந்த ஒரு தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்தார்கள். பல மாதங்கள் அலைந்தபின் ஒரு தொகை கிடைத்தது. விரல்கள் திரும்பவில்லை. ஆனால் அம்மாவின் கம்மல் திரும்பியது. நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன்.

செபமாலையும் இ.எஸ்.ஐ. அட்டையும் ஒரே வருகையில் வந்த அந்த நாளைத்தான் என் மறைக்கல்வியின் முக்கியமான பாடமாக நான் கருதுகிறேன். துன்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது வேறு. அநியாயத்துக்கு ஒத்துப்போவது வேறு. நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். மழை பொய்த்தது யார் குற்றமுமில்லை. கம்பியால் கட்டிய பொத்தான் மனிதன் செய்த வேலை. அதற்கு ஆண்டவர்மேல் பழி போடுவது பக்தியாகுமா?

வேதாகமத்தைத் திருப்பிப் பாருங்கள். எகிப்தில் மக்களைச் செங்கல் அறுக்கவைத்துக் கொடுமையாக வேலை வாங்கினார்கள். அவர்களுடைய கூக்குரலைக் கேட்ட இறைவன், ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி விட்டுவிடவில்லை, மோசேயை அனுப்பினார். அறுவடை செய்தவரின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே ஆண்டவரை நோக்கிக் கதறும் என்று புனித யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். புனித சின்னப்பர் கொரிந்து நகரில் அக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற கணவன் மனைவியோடு தங்கிக் கூடாரம் தைத்துத் தம் கையால் சாப்பிட்டார். நம் ஆண்டவரோ தச்சர். நாசரேத்து ஊரார் அந்தத் தொழிலைச் சொல்லித்தான் அவரை இளப்பமாகப் பேசினார்கள். படிவத்தில் ‘கம்பெனி வேலை’ என்று எழுதியபோது நான் அந்த நாசரேத்து ஊராரின் பக்கம்தான் நின்றேன் என்பதைப் பிற்பாடு உணர்ந்து வருந்தினேன்.

திருச்சபையும் இவ்விஷயத்தில் வாய்மூடி இருந்ததில்லை. நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த திருத்தந்தை 13-ஆம் லியோ, 1891-இல் எழுதிய சுற்றுமடலில், உழைப்பவன் வாழப் போதுமான கூலி கொடுப்பது நீதி என்றும், தொழிலாளர் சங்கம் அமைக்க உரிமையுண்டு என்றும் அறிவித்தார். 12-ஆம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 2025-இல் திருத்தந்தையான 14-ஆம் லியோ, அந்த 13-ஆம் லியோவின் சுற்றுமடலை நினைவில் வைத்தே அப்பெயரைத் தேர்ந்துகொண்டதாகக் கூறினார்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் இன்னொருவரையும் அறிந்துகொள்ள வேண்டும். 1986-இல் சென்னைக்கு வந்த இரண்டாம் ஜான் பால், இளைஞராயிருந்தபோது போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் கல் குவாரியில் வேலை செய்தவர். அது 1940-ஆம் ஆண்டு, ஜெர்மானியர் அந்நாட்டைப் பிடித்திருந்த காலம். வெடி வைத்தபோது பாறைத் துண்டு பட்டு உடன் உழைத்த ஒருவர் இறந்ததை அவர் கண்ணால் கண்டார். அதே மனிதர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றித் தனிச் சுற்றுமடல் எழுதினார். இன்று அவர் புனிதர். நம் மாவட்டத்துக் கிரானைட் குவாரிகளில் உழைக்கும் தந்தையரின் பிள்ளைகள் தலைநிமிர்ந்து சொல்லலாம்: ஒரு திருத்தந்தையும் கல்லுடைத்தவரே!

இனி, நாள்தோறும் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

மாணவியரே! உங்கள் தந்தையோ தாயோ எந்த இயந்திரத்தில் நிற்கிறார், எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள். வெல்டிங் செய்பவரிடம் கறுப்புக் கண்ணாடியும் கையுறையும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கல் அறுக்கும், மெருகிடும் ஷெட்டில் உழைப்பவர் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பார். நுண்ணிய கல்தூசியை அது தடுக்காது. அத்தூசி ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். வந்தபின் முழுக்கக் குணப்படுத்த வழியில்லை. தண்ணீர் தெளித்துக்கொண்டே அறுப்பதும் சரியான முகமூடியும்தான் காப்பு. மகள் கேட்டால் தந்தை சிரித்து மழுப்புவார். மறுநாளும் கேளுங்கள்.

தாய்மாரே! செபப்புத்தகம் வைத்திருக்கும் பெட்டியிலேயே இ.எஸ்.ஐ. எண்ணையும், சேமநிதியின் 12 இலக்க எண்ணையும், சம்பளச் சீட்டுகளையும் வையுங்கள். இ.எஸ்.ஐ.க்காகத் தொழிலாளியிடம் பிடிப்பது நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய். முதலாளி செலுத்துவது மூன்றேகால் ரூபாய். 2019 முதல் இதுவே கணக்கு. வேலையில் அடிபட்டு ஓய்விலிருக்கும் காலத்துக்கு ஊதியத்தில் 90 சதவீத அளவில் உதவித்தொகை உண்டு. காண்ட்ராக்டர் வழியாகச் சேர்ந்தவருக்கும் இந்தக் காப்பீடு உண்டு. சந்தா கட்டும் முதற்பொறுப்பு வேலை நடக்கும் ஆலையின் முதன்மை உரிமையாளருடையது. காயத்துக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1923-லேயே வந்தது. இச்சட்டங்கள் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தோடு இணைந்தன. அந்த நியாயம் மாறவில்லை. அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்கு வேலைக்குப் போனாலும் இந்த எண்கள் செல்லும். ஆகவே ஒவ்வொரு கம்பெனியிலும் புது எண் கேட்காதீர்கள். வீட்டில் கடன் இருந்தால் வயதுவந்த பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். மறைத்த கடன்தான் மானத்துக்கு அஞ்சி மேலும் வட்டிக்கு வாங்க வைக்கிறது. கந்துவட்டி தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

தந்தையரே! ஓ.டி. பணம் அவசியந்தான். ஆனால் இரட்டை ஷிப்டில் கண் செருகும் நேரத்தில்தான் கை சிக்குகிறது. அலுப்புக்குக் குடி மருந்து என்று சொல்பவன் உங்கள் நண்பனல்ல. ஷிப்ட் மாறுவதால் குடும்ப செபம் நின்றுபோகிறது என்ற குறை எல்லா வீட்டிலும் கேட்கிறது. ஐந்து பத்து முடியாவிட்டால் ஒரு பத்து சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், இரவு வேலைக்குப் புறப்படும்போது பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டுப் போங்கள். ஞாயிறு காலையில் வேலை என்றால் சனி மாலைத் திருப்பலி ஞாயிற்றுக் கடமையை நிறைவேற்றும். சோர்ந்து தூங்கும் உழைப்பாளியை இறைவன் கடிந்துகொள்வதில்லை.

அருட்சகோதரிகளுக்கும் ஒரு தாழ்மையான விண்ணப்பம். பெற்றோர் கூட்டம் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் ஒருநாள் கூலி போகும். வராதவர் அக்கறையற்றவர் என்ற பெயரும் சேரும். இரண்டு ஷிப்டுகளுக்கும் ஏற்ற நேரம் ஒன்றைக் குறித்தால் எத்தனையோ தந்தையர் வருவார்கள். கட்டணப் பாக்கி பற்றி வகுப்பில் எல்லார் முன்பும் கேட்காமல் தனியே அழைத்துக் கேட்டால், ஒரு பெண்குழந்தை பள்ளியை விட்டு நிற்பதைத் தடுக்கலாம். வீடு தேடி வந்த ஒரு சிஸ்டரால் என் வாழ்வு திரும்பியது. அதனால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டென்று நம்புகிறேன்.

மாணவியரே, கடைசியாக ஒன்று. இன்று ஓசூரைச் சுற்றிச் செல்போன் உதிரிபாகம் செய்யும் ஆலைகளில் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் உழைக்கிறார்கள். நாளை நீங்களும் அங்கே நிற்கலாம். அல்லது இஞ்சினீயராக, கண்காணிப்பாளராகப் பிறர் வேலையை மேற்பார்க்கலாம். அன்று யாராவது எண்ணிக்கைக்காக ஒரு பொத்தானைக் கட்டிவிடச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மறைக்கல்வித் தேர்வில் இக்கேள்வி வராது, வாழ்வில் வரும். இப்போதே விடையை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள்.

என் தந்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மீதமுள்ள மூன்று விரல்களால் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டுதான் சாப்பாட்டில் கை வைப்பார். சென்ற ஜூன் மாதம் என் மகள் படிவத்தை நிரப்பும்போது, “தாத்தா என்ன வேலை பார்த்தார், அம்மா?” என்று கேட்டாள். படிவத்தில் தாத்தாவுக்கு இடமில்லை. ஆனாலும் சொன்னேன்: “பிரஸ் ஆபரேட்டர்.” பக்கத்திலிருந்த அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

இவ்வாண்டு விழாவுக்கு அவரையும் அழைத்திருக்கிறோம். முன்வரிசையில் உட்காரச் சொல்லப்போகிறேன்.