டீசல் குடிப்பது சாரதியா, வண்டியா?

டிமோ பட்டா வைத்திருக்கும் நமது வியாபாரிகள் பலர், டீசல் செலவு கூடியதும் முதலில் சந்தேகிப்பது சாரதியைத்தான். அளந்து பாராமல் ஒரு மனிதர் மீது பழி போடுவது பெரும் அநியாயம்.

அளப்பது இலகு. தாங்கி நிறைய டீசல் அடித்து மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே ஷெட்டில் நிறைய அடியுங்கள். ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் முறை அடித்த லீற்றரால் பிரித்தால் கணக்கு வந்துவிடும். மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடும் வண்டி, லீற்றருக்கு 15 ஓட வேண்டிய இடத்தில் 12 ஓடினால் 50 லீற்றர் வீண். 2022இல் வரிசையில் நின்று ஒவ்வொரு லீற்றரையும் எண்ணிய நாம்தான் இன்று இதைக் கவனிப்பதில்லை.

காற்றுக் குறைந்த டயர்தான் வீட்டுக் கள்வன். காலையில், வண்டி ஓடுமுன் அளக்க வேண்டும். ஓடி வந்ததும் ஒரு சில்லு மட்டும் கொதித்தால், அதில் பிரேக் இறுகியிருக்கிறதா என்று பாஸிடம் காட்டுங்கள். எயார் பில்டரையும் கழற்றிப் பாருங்கள்.

புறக்கோட்டையில் சாமான் ஏற்றும் வரை என்ஜினை ஓடவிடுவது சாரதியின் பிழை. ஆனால் முக்கால் தொன் வண்டியில் ஒன்றரைத் தொன் ஏற்றச் சொல்வது யார்? முதலாளிதானே!

இவற்றையெல்லாம் சரிசெய்து, இரண்டு மாதம் கொப்பியில் எழுதிய பிறகும் கணக்கு உதைத்தால், அப்போது சாரதியை அழைத்துப் பேசுங்கள்.