லப்டொப் சாகவில்லை, நாம்தான் சாகடிக்கிறோம்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுதும் வாசிக்க நேரமில்லாதவர்கள் கடைசிப் பந்தியை மட்டுமாவது பாருங்கள்.

போன மாதம் எங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் உம்மா பாடசாலைக்கு வந்திருந்தார். மகள் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள், மாஷா அல்லாஹ். உம்மாவின் கையில் ஒரு துண்டுக் காகிதம். கடையில் எழுதிக் கொடுத்த கணக்கு அது. புதிய லப்டொப் 2 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா. முற்பணம் போக மிச்சம் 24 மாதத் தவணை.

"சேர், காப்பு ரெண்டையும் அடகு வெச்சா முற்பணம் சரியாகும். மத்தத எப்படியும் கட்டிரலாம். இது நல்ல சாமானா எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வீட்டில் வேறு லப்டொப் இல்லையா என்று கேட்டோம். இருக்கிறதாம். மூத்த மகன் கட்டாரிலிருந்து 2018 கடைசியில் கொண்டு வந்தது. கேம் விளையாடும் லப்டொப். "அது செத்துப் போச்சு சேர். கடையில காட்டினோம். விண்டோஸ் பதினொண்டு ஏறாதாம். பழசுக்குச் செலவழிக்கிறது வீண் எண்டு சொல்லிட்டாங்க."

அதே கடைதான் புதியதற்கும் கணக்கு எழுதிக் கொடுத்தது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

கொண்டு வரச் சொன்னோம். வந்தது. மூடியில் தூசு, மூலையில் கரப்பான் முட்டை. பவர் கொடுத்தால் உயிர் வந்தது. ஆனால் திரை தெளிய நாலரை நிமிடம். அதற்குள் அடியில் விசிறி கத்தத் தொடங்கிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தோம். இன்டெல் கோர் ஐ5 8300எச், எட்டாம் தலைமுறை. நாலு கோர், எட்டுத் திரெட். ஜீ.டி.எக்ஸ். 1050 கிராபிக்ஸ். ரெம் 8 ஜிபி, ஒரே துண்டில். சேமிப்புக்கு 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய வகை.

இங்கேதான் எங்களுக்குக் கோபம் வந்தது. விண்டோஸ் 11 க்கு மைக்ரோசொஃப்ட் வைத்த நிபந்தனையில், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும். இது எட்டாம் தலைமுறை. இன்னொரு நிபந்தனை டி.பி.எம். 2.0. அது இந்த புரொசசரோடு கூடவே வருகிறது. பயோஸுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். உள்ளே போய் பீ.டி.டி. என்று இருக்கும் இடத்தில் இயக்கிவிட்டால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்க மனமில்லாமல், "ஏறாது" என்ற ஒரு சொல்லில் ஒரு தாயை அடகுக்கடை வாசல் வரை அனுப்பியிருக்கிறார்கள்.

விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது உண்மை. அதற்குப் பிறகு ஊரில் லப்டொப் "செத்துப்போகும்" வேகம் கூடியிருக்கிறது. உண்மையிலேயே நிபந்தனைக்குள் வராத ஏழாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை மெசின்களும் உண்டு. அவற்றில்கூட லினக்ஸ் போட்டால் எழுதவும் படிக்கவும் புரோகிராமிங் பழகவும் தாராளமாகப் போதும். ஆனால் எட்டாம் தலைமுறைக்கும் ஏழாம் தலைமுறைக்கும் வித்தியாசம் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மரணச் சான்றிதழ் எழுதுவதை என்னவென்று சொல்வது?

சரி, நாங்கள் என்ன செய்தோம்?

முதலில் அடிமூடியைக் கழற்றினோம். மின் இணைப்பைப் பிடுங்கி, உள்ளே பெட்டரியின் வயரையும் கழற்றிய பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும். (இதைச் செய்யாமல் ஸ்குரூ டிரைவரோடு பாயும் தம்பிமார் ஊரில் நிறையப் பேர்.) விசிறிக்கும் வெப்பத் தகடுக்கும் நடுவில் தூசு ஒரு பஞ்சுத் தலையணை மாதிரி அடைத்துக் கிடந்தது. நமது ஊர் கடற்கரை ஊர். மணலும் உப்புக் காற்றும் போகாத இடமில்லை. காற்று வெளியே போக வழியில்லை என்றால் புரொசசர் சூடாகும். சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 4 கிகாஹேட்ஸ் வரை ஓடக்கூடியது 1 கிகாஹேட்ஸுக்குக் கீழே இறங்கி ஊரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மெசின் கிழண்டிப் போன மாதிரித்தான் தெரியும். தூசைத் துடைத்து, காய்ந்து மண்ணாகிக் கிடந்த பழைய தேர்மல் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துப் புதிது போட்டோம். 97 பாகையில் கொதித்தது 78 இல் நின்றது. செலவு 1,200 ரூபா.

அடுத்தது சேமிப்பு. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளே தட்டுச் சுழன்று, ஊசி ஓடி ஓடித் தேடும் சாமான். இன்றைய விண்டோஸ் ஒரே நேரத்தில் ஆயிரம் சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கும். அந்த ஊசியால் முடியாது. டாஸ்க் மெனேஜரில் டிஸ்க் 100 வீதம் என்று சிவந்து நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த லப்டொப்பின் மதர்போர்டில் எம்.2 இடம் ஒன்று வெறுமையாகவே இருந்தது. எட்டு வருடமாக வெறுமை! அதில் 512 ஜிபி என்.வி.எம்.ஈ. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டோம், 18,500 ரூபா. வாங்குவதற்கு முன் அந்த இடம் என்.வி.எம்.ஈ. ஏற்குமா, சாட்டா மட்டுமா என்று மொடல் இலக்கத்தை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டோம், படங்களும் பாடங்களும் வைக்க.

ரெம் இரண்டாவது இடமும் வெறுமை. பாவித்த 8 ஜிபி டீ.டீ.ஆர்.4 துண்டு ஒன்று 11,000 ரூபாவுக்குக் கிடைத்தது. இரண்டு துண்டும் சேர்ந்து 16 ஜிபி ஆனது மட்டுமல்ல, இரண்டு வழியாகத் தரவு போவதால் கிராபிக்ஸ் வேலையும் கொஞ்சம் இலகுவாகிறது. பெட்டரி வீங்கத் தொடங்கியிருந்தது, டச்பேட் ஒரு பக்கம் மேலே தள்ளியிருந்தது. அதை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. புதியது 14,000.

மொத்தம் 44,700 ரூபா. இப்போது 18 செக்கனில் திரை வருகிறது. ஆட்டோகேட் திறக்கிறது. காப்பு இரண்டும் உம்மாவின் கையில் இருக்கிறது.

இனி விமர்சனத்துக்கு வருவோம்.

"சேர், கேம் லப்டொப்பைப் படிக்கிற பிள்ளைக்குக் குடுக்கலாமா?" என்று ஒரு சகோதரர் எங்களிடம் கேட்டார். கேமுக்காகச் செய்த மெசின்தான் பொறியியல் படிக்கும் பிள்ளைக்குப் பொருத்தம் என்பதை எப்படிப் புரிய வைப்பது? தனிக் கிராபிக்ஸ் சில்லு இருக்கிறது. தடித்த உடம்பு, இரண்டு விசிறி, கழற்றி மாற்றக்கூடிய ரெம். கடையில் இன்று அழகாக மின்னும் மெல்லிய லப்டொப்கள் பலவற்றில் ரெம் மதர்போர்டோடு ஒட்டப்பட்டே வருகிறது. 8 ஜிபி வாங்கினால் சாகும்வரை 8 ஜிபிதான். அந்த உம்மாவுக்குக் கடையில் காட்டியதும் அப்படியொன்றே, தனிக் கிராபிக்ஸும் இல்லை. அதற்குத்தான் 2 இலட்சத்து 85 ஆயிரம்.

இன்னொருவர் ரெம் விலை ஏறிவிட்டது என்கிறார். உண்மைதான். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகத்தின் மெமரி சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் 2025 இன் கடைசியிலிருந்து விலை ஏறியிருக்கிறது. ஆனால் புதிய லப்டொப்புக்குள்ளும் அதே ரெம்தான் இருக்கிறது, அந்த விலையையும் நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள். 2018 தொடக்கத்தில் டொலர் 155 ரூபா அளவில் இருந்தது. இப்போது 300 ஐச் சுற்றி நிற்கிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். பழையதைக் காப்பாற்றுவது இன்றுபோல் என்றும் இலாபமாக இருந்ததில்லை.

தவணைக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட்டி ஹராம் என்று தெரியாதவர் நம்மில் யாருமில்லை. ஆனால் கடைக்காரர் "மாதம் இவ்வளவுதான்" என்று சொன்னதும், அதை 24 ஆல் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் மட்டும் நமக்கு வருவதில்லை. நாலாம் வகுப்புக் கணக்கு அது.

கடைக்காரர் எல்லோரும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த 11,000 ரூபா ரெம் துண்டைத் தந்தவரும் ஒரு கடைக்காரர்தான். பிழைத்தால் ஒரு கிழமைக்குள் மாற்றித் தருகிறேன் என்று எழுதியும் கொடுத்தார். நாங்கள் பேசுவது, மூடியைக்கூடத் திறக்காமல் தீர்ப்புச் சொல்பவர்களைப் பற்றி.

மறுபக்கமும் இருக்கிறது. இந்தப் பதிவைப் பார்த்துவிட்டு "ஆர்.டி.எக்ஸ். கார்ட் போட்டுத் தாங்க சேர்" என்று தம்பிமார் வருவீர்கள். முடியாது. இப்படியான லப்டொப்பில் கிராபிக்ஸ் சில்லும் புரொசசரும் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியவை, மாற்றுவதற்கில்லை. ஜீ.டி.எக்ஸ். 1050 இல் இன்றைய பெரிய கேம்களை ஓட்டப் பார்ப்பதும் வீண். 32 ஜிபி ரெம் போட்டால் பறக்கும் என்று யாராவது சொன்னால் அவரும் உங்கள் பையைத்தான் பார்க்கிறார். மதர்போர்ட் உண்மையிலேயே எரிந்திருந்தால் விட்டுவிடுங்கள், அதற்குக் காசு கொட்டாதீர்கள். 135 வொட் சார்ஜர் கேட்கும் மெசினுக்குத் தங்கச்சியின் 65 வொட் சார்ஜரைச் செருகிவிட்டு "ஸ்லோ" என்று அழுபவர்களுக்கு நாங்கள் என்ன சொல்ல?

எங்கள் மீதும் பிழை இருக்கிறது. பத்து வருடமாக வகுப்பில் ரெம் என்றால் என்ன, வன்தட்டு என்றால் என்ன என்று கரும்பலகையில் படம் கீறிக் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் பரீட்சையில் ஏ எடுத்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளையும் எடுத்தவள்தான். ஆனால் ஒரு ரெம் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. முதல் தடவை பயந்து மெல்லமாக அழுத்தினாள், சரியாக உட்காரவில்லை, மெசின் பீப் என்று கத்தியது. இரண்டாம் தடவை "டக்" என்ற சத்தத்தோடு இறுகியது.

அதனால் வரும் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை நூலகத்தில் இருப்போம். அலுமாரிக்கு மேலே கிடப்பதை இறக்கிக்கொண்டு வாருங்கள். பார்த்துச் சொல்வதற்குக் காசு இல்லை. சாமான் வாங்க வேண்டுமென்றால் பட்டியல் எழுதித் தருவோம், எங்கே வாங்குவது என்பது உங்கள் விருப்பம். படங்கள், ஆவணங்களை முதலில் வேறொன்றில் பிரதி எடுத்து வையுங்கள். உண்மையிலேயே செத்த லப்டொப் இருந்தாலும் எறியாமல் தாருங்கள், அதன் ரெம் இன்னொரு பிள்ளைக்கு உதவும். பெட்டரி வீங்கியிருந்தால் சார்ஜில் போடவே வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி மேசை இருக்கும், அதில் நமது பொறியியல் மாணவி ஸ்குரூ டிரைவரோடு இருப்பாள். சொந்த சார்ஜரை மறக்க வேண்டாம்.