நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டு மருத்துவப் படிப்பு எட்டுமா?

நீட் தேர்வு முடிவு வெளியானதும் சேத்தியாத்தோப்பு, நெய்வேலி, விருத்தாசலம் பகுதிகளில் வெளிநாட்டு மருத்துவப் படிப்பு விளம்பரங்கள் முளைத்துவிடுகின்றன. ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று நாடுகள் மாறுகின்றன. ‘நன்கொடை இல்லை, குறைந்த கட்டணம், அரசு அங்கீகாரம்’ என்ற வாசகங்கள் மட்டும் மாறுவதில்லை. வளையமாதேவி போன்ற ஊர்களின் சேரிகளிலும் பிளஸ் டூவில் உயிரியல் படித்து, நீட்டில் தகுதி பெற்று, அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ‘அனுப்பலாமா?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

விமானம் ஏறுவது வேறு, அங்கே பட்டம் வாங்குவது வேறு, ஊர் திரும்பி மருத்துவராகப் பதிவு பெறுவது வேறு. விளம்பரம் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மற்ற இரண்டையும் நாம்தான் பேச வேண்டும்.

சட்டம் வைத்திருக்கும் வாசல்கள்

வெளிநாட்டுக்குப் போனால் நீட் வேண்டாம் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அது தவறு. வெளிநாட்டில் மருத்துவம் படித்து இந்தியாவில் தொழில் செய்ய விரும்புவோருக்கும் நீட் தகுதி 2018 முதல் கட்டாயம். பட்டியல் சாதியினருக்கு 40 பெர்சென்டைல், பொதுப் பிரிவினருக்கு 50 பெர்சென்டைல் என்பது அந்தத் தகுதி வரம்பு.

அடுத்தது, தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று அரசிதழில் வெளியிட்ட விதிமுறைகள். படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும். முழுப் படிப்பையும் ஒரே நிறுவனத்தில் முடித்து, அங்கேயே 12 மாதம் உள்ளுறைப் பயிற்சியும் பெற வேண்டும். படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதியை அந்தப் பட்டம் தர வேண்டும். திரும்பி வந்தபின் இந்தியாவில் இன்னொரு 12 மாதப் பயிற்சி உண்டு. சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் இவையெல்லாம் முடிய வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கையில் இருப்பது வெறும் காகிதம்.

‘அரசு அங்கீகாரம்’ என்ற சொல்லில்தான் ஏமாற்று அதிகம். தேசிய மருத்துவ ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் ஒப்புதல் முத்திரை குத்துவதில்லை. விதிகளைச் சொல்லிவிட்டு, ஒத்துவருகிறதா என்று பார்க்கும் பொறுப்பை மாணவர் தலையில் வைத்திருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் போகும் பிள்ளை, தான் இதுவரை பார்த்திராத நாட்டின் மருத்துவச் சட்டத்தைத் தானே படித்துத் தெளிய வேண்டுமாம்!

பிறகு வருவது திரையிடல் தேர்வு. எஃப்.எம்.ஜி.இ. என்று சொல்லப்படும் இந்தத் தேர்வு 2002 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் தேர்ச்சி. பார்க்க எளிதுதான். ஆனால் 2015 முதல் 2018 வரை எழுதிய 61,000-க்கும் அதிகமானோரில் தேறியவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. அதாவது ஏழு பேருக்கு ஒருவர். அண்மைக்காலத்தில் விகிதம் சற்று ஏறியிருந்தாலும், பல முறை ஐந்து பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே நிற்கிறது.

இந்தத் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அப்படிக் கேட்கவும் கூடாது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் இளநிலையும் முதுநிலையும் முடித்து, அங்கே தொழில் செய்யத் தகுதி பெற்றவர்களுக்கு இந்தத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அந்த நாடுகளில் இளநிலை மருத்துவம் படிக்கக் கோடிகள் வேண்டும். கோடி உள்ளவருக்குத் திறந்திருக்கும் வழி, கடன் வாங்கிக் கிர்கிஸ்தான் போனவருக்கு இல்லை. தகுதியைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள் இந்த விலக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கடனுக்குப் பிணை எங்கே?

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆகும் செலவு நாட்டைப் பொறுத்து 20 லட்சத்தில் தொடங்கி 40 லட்சத்தைத் தாண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. திரும்பி வந்து தேர்வுக்குப் பயிற்சி பெறும் செலவு தனி. வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் சொத்துப் பிணை வேண்டும். கிராமத்தில் சொத்து என்றால் நிலம்.

வளையமாதேவியில் நிலத்தின் கதை நாடறிந்தது. 2023 ஜூலை 26 அன்று என்.எல்.சி. இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் விட்டிருந்த நெல் வயலில் பொக்லைன்கள் இறங்கின. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவு வந்தது. அந்த விவசாயிகளின் வலி உண்மையானது. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கணக்கு ஏக்கர் உள்ளவருக்கான கணக்கு. அதே வயலில் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, களை எடுத்து, அறுப்புக்குக் காத்திருந்த கைகளுக்கு ஏக்கர் கிடையாது. நிலம் கொடுத்தவருக்கு இழப்பீடு, வேலை என்று கேட்க ஒரு பத்திரமாவது இருக்கிறது. கூலி இழந்தவர் எதைக் காட்டிக் கேட்பார்?

வங்கியிலும் இதே நிலைதான். இழப்பீடு வந்த வீடு அதை வைத்துப் பிள்ளையை அனுப்ப யோசிக்கலாம். நிலம் மிஞ்சிய வீடு அடமானம் வைக்கலாம். சேரியில் இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனைப்பட்டா. அது நிபந்தனைகளோடு வருவதால் வங்கி மேலாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார். பஞ்சமி நிலங்கள் கைமாறிப்போன கதையும் இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆக, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு என்பது மதிப்பெண்ணை மட்டும் பொறுத்ததல்ல. தாத்தாவுக்கு நிலம் இருந்ததா என்பதையும் பொறுத்தது.

திட்டங்களுக்கு நடுவே ஓர் ஓட்டை

நமக்கென்று உதவித்தொகைகள் இல்லையா? இருக்கின்றன. மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை இந்தியாவுக்குள் படிப்போருக்கு மட்டுமே. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். இளநிலைப் படிப்புகளுக்கு இல்லை என்று அதன் விதியே சொல்கிறது. தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் அயலகக் கல்வி உதவியும் முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புகளுக்கானது. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். இளநிலைப் படிப்பு. எனவே மூன்று திட்டங்களுக்கும் நடுவே உள்ள ஓட்டையில் நம் பிள்ளை விழுகிறது.

மிச்சமிருப்பது கடன். தேசியப் பட்டியல் சாதியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக் கடன் வெளிநாட்டுப் படிப்புக்கும் உண்டு. தமிழ்நாட்டில் அதன் முகமை தாட்கோ. இது எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? ஏஜெண்டின் துண்டறிக்கை தெருவுக்குத் தெரு வருகிறது. தாட்கோவின் துண்டறிக்கையை எந்தத் தெருவில் பார்த்தோம்?

கடன் கிடைத்தாலும் ஆபத்து தீர்வதில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் பாதிப் படிப்போடு திரும்பினார்கள். கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து மாணவர் நவீன் கார்கிவ் நகரில் உயிரையே இழந்தார். திரும்பியவர்களுக்கு வேறு நாட்டில் படிப்பைத் தொடர ஆணையம் அனுமதி தரவே அந்த ஆண்டு செப்டம்பர் ஆனது. படிப்பு நின்றாலும் வட்டி நிற்பதில்லை. சொத்துள்ள குடும்பம் அந்த அடியைத் தாங்கும். அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் ஒரு தலைமுறைக்கு எழாது.

அருகில் இருக்கும் வழி

எனவே முதலில் பார்க்க வேண்டியது சிதம்பரம் பக்கம். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை 2021-இல் அரசின் சுகாதாரத் துறை ஏற்று, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக்கியது. அரசுக் கட்டணம் கேட்டு மாணவர்கள் வாரக்கணக்கில் போராடியதன் பலன் அது. பக்கத்து அரியலூர் மாவட்டக் குழுமூர் அனிதா 1,176 மதிப்பெண் பெற்றும் 2017-இல் மருத்துவ இடம் கிடைக்காமல் உயிர்விட்டது நம் நெஞ்சில் ஆறாத புண். 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் அதில் அடக்கம். இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு வெளிநாடு போவதற்கும் வழி உண்டு. உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு 2023-இல் நம் மருத்துவ ஆணையத்துக்குப் பத்து ஆண்டு அங்கீகாரம் தந்திருக்கிறது. பிரிட்டனின் பிளாப், அமெரிக்காவின் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளை இங்கே படித்தவர்களும் எழுதலாம். ஒரு வருடம் கூடுதலாக நீட்டுக்கு உழைப்பது, முப்பது லட்சம் கடனைவிட மலிவு.

அப்படியும் வெளிநாடுதான் என்று போகிற பிள்ளைகளைத் தனியே விட்டுவிட முடியாது. அவர்களுக்காக அரசிடம் நாம் கேட்பவை நான்கு. அயலகக் கல்வி உதவித் திட்டத்தில் இளநிலை மருத்துவத்துக்கும் சில இடங்கள் ஒதுக்க வேண்டும். சொத்துப் பிணைக்குப் பதிலாக அரசே உத்தரவாதம் தந்து தாட்கோ வழியே கடன் கிடைக்கச் செய்ய வேண்டும். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ், டோஃபல் பயிற்சி தரும் தாட்கோ, திரையிடல் தேர்வுக்கும் உறைவிடப் பயிற்சி தர வேண்டும். தேர்வில் வென்று வருவோரிடம் உள்ளுறைப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, உதவித்தொகை தர வேண்டும் என்று மருத்துவ ஆணையம் 2022 மார்ச்சில் சொன்னதை எல்லாக் கல்லூரிகளும் கடைப்பிடிக்கச் செய்ய வேண்டும்.

ஊர்ப் பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லாத காலத்தில், 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார் சுவாமி சகஜானந்தா. பிள்ளைகள் தங்கிப் படிக்க இடமும் சோறும் கொடுத்தால்தான் படிப்பு நிலைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். கல்விக்கான அனுமதி வேறு, கல்விக்கான வசதி வேறு. நூறாண்டு கடந்தும் அரசுக்கு நாம் சொல்ல வேண்டியிருப்பது அதைத்தான். அதுவரை பெற்றோர்களே, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: எத்தனை மாதப் படிப்பு, எந்த மொழியில், உள்ளுறைப் பயிற்சி எங்கே, அந்த நாட்டில் பதிவு கிடைக்குமா, இதுவரை எத்தனை பேர் திரையிடல் தேர்வில் தேறினார்கள்? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் தராத ஏஜெண்டிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.